காய்ச்சல் வரட்டும் என்று காத்திருந்த வீட்டிலிருந்து

அமெரிக்க செனட்டின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகரை ஒட்டிய ஒரு புறநகரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களும் குடியரசுக் கட்சிக்காரர்கள். முறைப்படி பார்த்தால் உங்களில் யாரும் எனக்குப் பிரதிநிதி கிடையாது. இருந்தாலும் குடியுரிமை வாங்கிய நாளிலிருந்து உங்கள் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டுவருகிறேன், எனவே கேட்கிற உரிமை கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தமிழில் ஏன் எழுதுகிறேன் என்றால், ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தாகிவிட்டது. ஒரு அலுவலகத்துக்கு (யாருடையது என்று சொல்லப்போவதில்லை) மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அச்சடித்த மாதிரி ஒரே நன்றிக் கடிதம் வந்தது. இரண்டு நாள் கழித்து நன்கொடை கேட்டு மின்னஞ்சல் வந்தது. என் கடிதம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, என் மின்னஞ்சல் முகவரி சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தமிழில் எழுதினால் நீங்கள் படிக்கப்போவதில்லை. ஆனால் எங்கள் ஜனங்கள் படிப்பார்கள். வளைகாப்புக்குக் கூடி, ஐந்து வகைச் சாதம் கட்டிக்கொண்டுவந்து, கருக்கலைப்பு என்ற இந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசாமல் கலைந்து போகிற ஜனங்கள். உங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தமிழ்ப்பிள்ளை யாராவது இதை மொழிபெயர்த்து மேசையில் வைத்தால், அதுவும் நல்லதுதான்.

2023 பிப்ரவரியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை மகள் கல்யாணமாகி இங்கேதான் இருக்கிறாள், எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டாலும் எனக்கும் அவள் மகள்தான். அப்போது 18 வாரம். தலைச்சன் பிள்ளை. காலையில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவளுக்குக் கால் நனைந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். உள்ளே நீர் அநேகமாக இல்லை. இந்த வாரத்தில் நீர் வடிந்துபோனால் பிள்ளையின் நுரையீரல் சரியாக வளராது, பிழைக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. தாய்க்கு எந்த நேரமும் கிருமி தொற்றலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, இதயத்துடிப்பு இருப்பதால் இப்போதைக்கு எங்களால் எதுவும் செய்ய முடியாது என்றார். வீட்டுக்குப் போங்கள், மணிக்கொரு தரம் காய்ச்சல் பாருங்கள், 100.4-ஐத் தாண்டினால் உடனே வாருங்கள்.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர்காரர், எதையும் அட்டவணை போடுகிறவர். செல்போனில் மணிக்கொரு அலாரம் வைத்தார். மளிகைக்கடையில் இனாமாகக் கொடுத்த தமிழ்க் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். 98.9. 99.1. 98.8. 99.3. ராத்திரி இரண்டு மணி இருக்கும். தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "ஏறவே மாட்டேங்குதே பெரியம்மா" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். கட்டின மனைவிக்குக் காய்ச்சல் ஏறவில்லையே என்று ஒருவன் கவலைப்பட்ட வீட்டில் நான் அன்றைக்கு இருந்தேன்.

பாளையங்கோட்டையிலிருந்து என் தங்கை வாட்ஸ்அப்பில் அழுதாள். "அமெரிக்காங்கிறீங்க, அங்க இருக்கிற டாக்டருக்கு டி.என்.சி. பண்ணத் தெரியாதாக்கா? நம்ம ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா இந்நேரம் முடிச்சு வார்டுல படுக்க வச்சிருப்பாங்களே." 18 வாரத்தில் செய்வது டி.என்.சி. இல்லை, அது வேறு முறை. ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. தெரியாமல் இல்லை, செய்தால் ஜெயில் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. டாக்டருக்கு எதுக்கு ஜெயில் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

தடை இல்லாத கேன்சஸ் மாநிலத்துக்குக் காரில் போய்விடலாமா என்றும் யோசித்தோம். ஐ-35 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினால் அங்கே இருக்கும் விசிட்டா நகரம் ஏறக்குறைய 360 மைல், ஐந்தரை மணி நேரம். நடுவில் ஒக்லஹோமா முழுவதையும் தாண்ட வேண்டும். அங்கேயும் தடைதான், அதுவும் 1910-ல் எழுதிய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். வழியில் குளிர்காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பது? போகவில்லை. மறுநாள் ராத்திரி பத்து மணிக்கு உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தது. 101.8. ஆஸ்பத்திரிக்குப் போனதும் எல்லாம் மளமளவென்று நடந்தது, ஏனென்றால் இப்போது சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு அவள் சாகக் கிடந்தாள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. மூன்று நாள் ஐ.சி.யூ. பிழைத்துவிட்டாள்.

அந்த டாக்டரம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. 2022 ஆகஸ்ட் 25-ஆம் தேதி எங்கள் மாநிலத்தில் அமலுக்கு வந்த கருக்கலைப்புத் தடைச் சட்டத்தின்படி அவர் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத அபராதம், கூடவே டாக்டர் லைசென்சும் போய்விடும். உயிருக்கு ஆபத்து என்றாலோ, முக்கியமான உறுப்பின் செயல்பாடு பெரிதாகப் பாதிக்கும் என்றாலோ செய்யலாம் என்று ஒரு விலக்கு எழுதியிருந்தார்கள். எவ்வளவு ஆபத்து, எப்போதிலிருந்து ஆபத்து என்று எழுதவில்லை. அந்தக் கேள்வியை 100.4 என்ற எண்ணிடம் ஒப்படைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதையும் இல்லை இது. ஆஸ்டினைச் சேர்ந்த அமண்டா ஜுராவ்ஸ்கி இதே 18 வாரத்தில், இதே மாதிரி காத்திருந்து, ரத்தத்தில் கிருமி கலந்து பிழைத்தவர். 2023 ஏப்ரலில் உங்கள் செனட் நீதிக் குழுவுக்கே வந்து சாட்சி சொன்னார். கேட்டீர்கள். நெகிழ்ந்தீர்கள். அப்புறம்?

இந்த அப்புறத்தைப் பற்றித்தான் மீதிக் கடிதம்.

1973 ஜனவரி 22-ஆம் தேதி ரோ வழக்கில், கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2022 ஜூன் 24-ஆம் தேதி டாப்ஸ் வழக்கில் அது போனது. இடையில் 49 வருஷம். எங்கள் ஊரில் சொன்னால் புரியும்: பட்டா வாங்காமல் புறம்போக்கில் வீடு கட்டிக்கொண்டு, கரண்ட் கனெக்‌ஷன் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, யார் கிளப்பப்போகிறார்கள் என்று இரண்டு தலைமுறை இருந்துவிட்ட மாதிரி. நாடாளுமன்றம் ஒரு சட்டமாக இதை எழுதி வைத்திருக்கவே இல்லை. பட்டா வாங்க வாய்ப்பே வரவில்லையா என்றால், வந்தது. 1993-ல் கிளின்டன் அதிபர், இரண்டு சபையும் உங்கள் கையில். இந்த உரிமையைச் சட்டமாக்கும் தேர்வுச் சுதந்திர மசோதா குழுக்களைத் தாண்டியும் சபை ஓட்டெடுப்புக்கு வரவில்லை. 2007-ல் ஒபாமா, அதிபரானால் முதல் வேலையாக அதில் கையெழுத்துப் போடுவேன் என்றார். 2009 ஏப்ரலில், அது இப்போது முதல் வரிசையில் இல்லை என்றார். அந்த வருஷம் செனட்டில் உங்கள் பலம் கொஞ்ச நாள் நூறில் 60 வரைக்கும் போனது. உங்கள் கட்சிக்குள்ளேயே இதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள், மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நெருக்கியது, எல்லாம் தெரியும். காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் தீர்ப்பு இருக்கிறதே என்ற தைரியம்தான் எல்லாக் காரணத்துக்கும் அடியில் இருந்த காரணம்.

அப்புறம் அதே உரிமைக்காகப் பெண்கள் நலப் பாதுகாப்பு மசோதா. 2013-லிருந்து சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் டெக்சஸ் ஆறு வாரத் தடையைக் கொண்டுவந்து, உதவி செய்கிறவர் மேல் யார் வேண்டுமானாலும் வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கலாம் என்று 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி அமல்படுத்தியதும் உங்களுக்கு அவசரம் வந்தது. அந்த மாதம் 24-ஆம் தேதி பிரதிநிதிகள் சபையில் 218-க்கு 211 என்று நிறைவேறியது. செனட்டில் 2022 பிப்ரவரியில் 46-க்கு 48. மே 11-ஆம் தேதி மறுபடியும் 49-க்கு 51. அன்றைக்குச் சபைக்குத் தலைமை தாங்கியவர் துணை அதிபர் கமலா ஹாரிஸ். அவர் ஜெயித்தபோது மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டுப் பட்டாசு வெடித்ததை நாங்கள் பெருமையாகப் பகிர்ந்துகொண்டோம். எங்கள் வம்சாவளிப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து, தோற்றது என்று அறிவிக்க வேண்டியிருந்தது. சமநிலை வந்தால் முடிச்சை அவிழ்க்கிற ஓட்டு அவரிடம் இருந்தது. ஆனால் விவாதத்தை முடித்துவைக்கவே 60 வேண்டும் என்ற உங்கள் சபை வழக்கத்தின் முன்னால் அந்த ஓட்டு எதற்கும் ஆகவில்லை.

49-க்கு மேல் வராது என்று மே 11-ஆம் தேதி காலையிலேயே உங்களுக்குத் தெரியும். எதிரிகளை ஓட்டுப்போட வைத்துப் பதிவு செய்வதற்காக என்றீர்கள். சரி, ஒரு தடவை அப்படிச் செய்யலாம். 2024-ல் ஜூனில் கருத்தடைக்கு ஒன்று, செயற்கைக் கருத்தரிப்புக்கு ஒன்று, ஜூலையில் இனப்பெருக்கச் சுதந்திரம் வேண்டும் என்று சபையின் கருத்தைச் சொல்லும் மசோதா ஒன்று, செப்டம்பரில் கருத்தரிப்பு மறுபடியும். எதுவும் 60-ஐத் தொடவில்லை. நவம்பரில் தேர்தல் வந்தது. ஒவ்வொரு தோல்வி ஓட்டுக்கும் மறுநாள் எனக்கு நன்கொடை மின்னஞ்சல் வந்தது. நான் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 25 டாலர், இரண்டு தடவை.

இதே நீங்கள் 2022 நவம்பரில் வேறு மாதிரி நடந்துகொண்டீர்கள். ஒருபால் திருமணத்தைப் பாதுகாக்கும் சட்டம். முழுசாகக் கேட்கவில்லை. எல்லா மாநிலமும் திருமணம் செய்துவைக்க வேண்டும் என்று எழுதவில்லை, வேறு மாநிலத்தில் நடந்ததை மதிக்க வேண்டும் என்று மட்டும் எழுதினீர்கள். மத நிறுவனங்களுக்கு விலக்கு எழுதினீர்கள். 61-க்கு 36, குடியரசுக் கட்சிக்காரர்கள் 12 பேர் சேர்ந்து. அது இன்றைக்குச் சட்டம். நாளைக்கு உச்ச நீதிமன்றம் மனசு மாறினாலும் அந்தக் குடும்பங்களுக்குக் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

கருக்கலைப்பில் அந்த வித்தை பலிக்காது என்பீர்கள். முழு உரிமையும் கேட்கிற பெரிய மசோதாவுக்குப் பலிக்காதுதான். உங்களில் டிம் கெய்ன் 2022 ஆகஸ்டில் செனட்டர்கள் சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி, கிர்ஸ்டன் சினிமா ஆகியோரோடு சேர்ந்து சுருக்கமாக ஒன்று கொண்டுவந்தார், அதை ஓட்டெடுப்புக்கே எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் 60 வந்திருக்காது. நான் கேட்பது அதைவிடவும் சின்னது.

1986-ல் ரீகன் கையெழுத்துப் போட்ட எம்டாலா என்ற சட்டம் இருக்கிறதே, அதைத் திருத்துங்கள். மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் வாங்குகிற எந்த ஆஸ்பத்திரியும் அவசரமாக வருகிறவரைத் திருப்பி அனுப்பக்கூடாது, நிலைமையைச் சீராக்கிய பிறகுதான் அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். டாப்ஸ் தீர்ப்புக்குப் பிறகு 2022 ஜூலையில் பைடன் அரசு, தேவைப்பட்டால் கருக்கலைப்பும் அந்தச் சிகிச்சையில் அடங்கும் என்று சுற்றறிக்கை விட்டது. டெக்சஸ் வழக்குப் போட்டது. 2024 ஜனவரியில் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் டெக்சஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஐடஹோ மாநிலத்தின் மேல் பைடன் அரசு போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2024 ஜூனில், இதை நாங்கள் இப்போது எடுத்திருக்கவே கூடாது என்று நீதிபதிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2025 மார்ச்சில் டிரம்ப்பின் புதிய அரசு அந்த வழக்கைக் கைவிட்டது. ஜூன் மாதம் சுற்றறிக்கையையும் ரத்து செய்துவிட்டது. என் தங்கை மகளைக் காப்பாற்ற வேண்டிய வரி ஒரு சுற்றறிக்கையில் இருந்தது. சுற்றறிக்கையை எழுதுவதற்கும் கிழிப்பதற்கும் ஓட்டெடுப்பு வேண்டாம்.

அந்த வரியைச் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். கர்ப்பத்தை முடித்துவைப்பதுதான் தாயின் உடல்நிலையைச் சீராக்கும் என்று மருத்துவர் முடிவு செய்தால் அது எம்டாலா சொல்லும் சிகிச்சையே. மாநிலச் சட்டம் எதுவாக இருந்தாலும் அதற்காக மருத்துவரைத் தண்டிக்க முடியாது. காய்ச்சல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மூன்று வாக்கியம். சட்ட மொழியில் முப்பது பக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் தொழில்.

இதற்கும் 60 வராது என்று சொல்லுமுன் எங்கள் மாநிலத் தலைநகர் ஆஸ்டினைப் பாருங்கள். 2025-ல் டெக்சஸ் சட்டமன்றமே, ஆபத்து கண்முன் வந்து நிற்கும் வரை மருத்துவர் காத்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தி ஒரு திருத்தம் நிறைவேற்றியது. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து. கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அந்தப் பத்தாயிரம் டாலர் சட்டத்தைக் கொண்டுவந்த அதே பிரையன் ஹியூஸ். தடை அப்படியே இருக்கிறது, தண்டனை அப்படியே இருக்கிறது. எங்கள் பிள்ளைக்கு அது இரண்டு வருஷம் பிந்தி வந்தது. ஆனாலும் அந்த ஒரு வரியை எழுத அவர்களால் முடிந்திருக்கிறது. வாஷிங்டனில் இருக்கும் நீங்கள், எல்லாவற்றையும் தராத எதையும் தொடமாட்டோம் என்று உட்கார்ந்திருந்தபோது, எங்களைத் தடை செய்தவர்களே ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டார்கள். இதில் உங்களுக்கு வெட்கமாக இல்லையா? எனக்கு இருக்கிறது.

இப்போது உங்களிடம் பெரும்பான்மை இல்லைதான். ஆனால் பட்ஜெட் தீர்மான இரவுகளில் எந்த உறுப்பினரும் திருத்தம் கொண்டுவரலாம், விடியவிடிய ஓட்டெடுப்பு நடக்கும். இதைக் கொண்டுவாருங்கள். "கருக்கலைப்புக்கு ஆதரவா, எதிர்ப்பா" என்று கேட்டால் எதிரில் இருப்பவர்களுக்குப் பதில் சுலபம். "18 வாரத்தில் பனிக்குடம் உடைந்தவளுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கலாமா" என்று கேளுங்கள். அதற்கு இல்லை என்று ஓட்டுப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்ப் பேசட்டும்.

இங்கே என் தோழி ஒருத்தி சண்டை போடுவாள். இந்த மாதிரி சின்னதாகக் கேட்டால், பரிதாபத்துக்குரிய கருக்கலைப்பு, அப்படி இல்லாத கருக்கலைப்பு என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறாய், முதலாவதற்கு மட்டும் இரக்கம் கிடைக்கும், இரண்டாவது தெருவில் நிற்கும் என்பாள். அவள் சொல்வதில் பாதி சரி. அதனால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன், பரிதாபம் எதுவும் இல்லாத கதை.

1999, சென்னை. என் மகளுக்கு ஒன்பது மாதம். காப்பர் டி போட்டிருந்தும் நாள் தள்ளிப்போனது. எட்டு வாரம். எனக்கு வேண்டாம். அவ்வளவுதான் காரணம். தூக்கம் இல்லை, பால் கொடுத்து உடம்பு தேய்ந்துபோயிருந்தது, வேலைக்குத் திரும்ப வேண்டும். ஒரு நர்ஸிங் ஹோமுக்குப் போனேன். இந்தியாவில் இதற்கு 1971-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது, ரோ தீர்ப்புக்கு இரண்டு வருஷம் முன்னால். கருத்தடை பலிக்கவில்லை என்ற கட்டத்தில் டாக்டர் டிக் அடித்தார். அந்தச் சட்டத்தை நான் கோயிலாகக் கும்பிடவில்லை. அது பெண்ணின் உரிமை என்று சொல்வதில்லை, டாக்டரின் அபிப்பிராயம் என்றுதான் சொல்கிறது. ஜனத்தொகை பற்றிய பயமும் அதன் பின்னால் இருந்தது. என் சம்மதம் மட்டும் போதும் என்று சட்டத்தில் இருக்க, புருஷன் கையெழுத்து இல்லாமல் செய்யமாட்டோம் என்றார்கள், அவர் ஆபீஸில் அரை நாள் லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட்டார். ஆனாலும் அது சட்டம். ஒவ்வொரு தடவையும் நீதிபதி முகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 2021-ல் திருத்தி, சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை ஆக்கினார்கள். இங்கே டாப்ஸ் வந்த அதே 2022-ல், மூன்று மாதம் கழித்து, கல்யாணம் ஆகாதவளுக்கும் அது பொருந்தும் என்று டெல்லியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதி வைத்த ஒன்று இருந்ததால்தான் அதை நீட்ட முடிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரசஞ்சாதம் சாப்பிட்டுத் தூங்கினேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதைப் பொதுவில் சொல்வது இதுதான் முதல் தடவை. இதைப் பாவம் என்று நினைப்பவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வயிற்றில் இருப்பது ஒரு உயிர் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து காபி குடிக்கிறேன். அவர்கள் நம்பிக்கையை எனக்குச் சட்டமாக்குவதைத்தான் மறுக்கிறேன்.

ஆகவே தோழிக்கும் உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பெரிய மசோதாவை விட்டுவிடச் சொல்லவில்லை. 1999-ல் என்னைப் போல இருந்தவளுக்கு அதுதான் வேண்டும். அந்த மசோதா வரும்வரை, ஐ.சி.யூ. வாசலில் நிற்பவளைக் காக்கவைக்க வேண்டாம் என்கிறேன்.

பெரிய மசோதாவைப் பற்றி ஒரு பயம் உண்டு, அதைப் பேசாமல் இந்தக் கடிதம் முடியாது. நாடாளுமன்றத்துக்கு நாடு முழுக்கப் பாதுகாக்க அதிகாரம் இருக்கிறது என்றால் நாடு முழுக்கத் தடை செய்யவும் அதே அதிகாரம் இருக்கிறது. உங்கள் பக்கத்து வக்கீல்களிலேயே சிலர் இதைச் சொல்லித் தயங்குகிறார்கள். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை வைத்துத்தான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், 2022 செப்டம்பரில் குடியரசுக் கட்சியின் லிண்ட்சி கிரஹாம் கொண்டுவந்த 15 வாரத் தடையும் வருகிறது. இந்தத் தயக்கத்துக்கு என் பதில் சாதாரணமானது. அந்த அரிவாள் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. 2003-ல் புஷ் கையெழுத்துப் போட்டு ஒரு வகைக் கருக்கலைப்பை நாடு முழுக்கத் தடை செய்தாயிற்று, 2007-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அதை ஏற்றுக்கொண்டாயிற்று. நாம் எடுக்காவிட்டால் அவர்களும் எடுக்கமாட்டார்கள் என்பது எந்த ஊர்க் கணக்கு?

இன்னொன்று, மாநிலங்களே முடிவு செய்யட்டும் என்கிறார்களே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மக்களும் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களும் முடிவு செய்யட்டும் என்று டாப்ஸ் தீர்ப்பு சொன்னது. நீதிபதி கவனாவ் தன் தனிக் கருத்தில், மாநிலங்களிலோ நாடாளுமன்றத்திலோ என்று இரண்டையும் எழுதியிருக்கிறார். நீங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தானே? தவிர, மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் நிற்கிறார்களா என்ன? 2023-ல் நாட்டில் நடந்த கருக்கலைப்புகளில் 63 சதவீதம் மாத்திரையால் நடந்தவை. மாத்திரை தபாலில் போகிறது. நியூயார்க்கிலிருந்து மாத்திரை எழுதிக்கொடுத்த ஒரு டாக்டர் மேல் டெக்சஸ் வழக்குப் போட்டது, லூசியானா குற்றப்பத்திரிகையே போட்டது. நியூயார்க்கில் ஒரு மாவட்ட எழுத்தர் டெக்சஸ் தீர்ப்பைப் பதிவு செய்யமாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். எங்கள் மாநிலத்து லபக் மாவட்டம், தன் எல்லைக்குள் இருக்கும் சாலை வழியாக ஒருத்தியை வெளிமாநிலத்துக்குக் கருக்கலைப்புக்கு அழைத்துப் போனாலே வழக்குப் போடலாம் என்று 2023-ல் விதி போட்டது. (அமரில்லோ நகரத்து ஜனங்கள் அதே மாதிரி விதியை 2024-ல் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள். குடியரசுக் கட்சியின் சிவப்பு ஊர்தான் அது. கேன்சஸும் அப்படித்தான். 2022 ஆகஸ்டில் 59 சதவீதம் பேர் உரிமை பக்கம் நின்றார்கள். ஜனங்கள் உங்களைவிட முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள்.) இது மாநிலத்துக்கு மாநிலம் நடக்கும் சண்டை. வரப்புச் சண்டையைத் தீர்க்கத் தாலுகா ஆபீஸ் வேண்டும், இரண்டு பக்கத்து நிலக்காரரும் அவரவர் சட்டம் எழுதிக்கொண்டால் தீராது.

என் மகள் போன வருஷம் வேலை மாறினாள். டாலஸிலும் சிகாகோவிலும் வேலை கிடைத்தது. சம்பளம் இங்கேதான் கூட, அம்மா அப்பாவும் இங்கேதான். சிகாகோவுக்குப் போய்விட்டாள். காரணம் கேட்டேன். "தெரியும்லம்மா" என்றாள்.

தங்கை மகளுக்கு அப்படிப் போக வழியில்லை. மாப்பிள்ளையின் விசா அவர் கம்பெனியோடு கட்டிப்போட்டிருக்கிறது, கம்பெனி இங்கே இருக்கிறது. அவள் இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். 13 வாரம். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஸ்கேனில் பிள்ளை கட்டைவிரல் சூப்புகிறது. ஊரில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை, 20 வாரம் தாண்டட்டும் என்று இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை புளிக்குழம்பு கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். மாப்பிள்ளை கார் பெட்ரோல் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். பாதி டேங்குக்குக் கீழே இறங்கவே விடுவதில்லையாம். பின் சீட்டில் ஒரு போர்வை, ஒரு பை. எதற்கு என்று நான் கேட்கவில்லை. டேஷ்போர்டில் தெர்மாமீட்டர் இருந்தது, பழையது, அதே தெர்மாமீட்டர். போன் திரையில் வரைபடம் திறந்திருந்தது, ஐ-35, வடக்கே, விசிட்டா.

பதில் போடுவதாக இருந்தால் ஆங்கிலத்திலேயே போடுங்கள், படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டாலஸிலிருந்து ஒரு பெரியம்மா